கல் வச்ச பழமும் கேஸ் வச்ச பழமும்: ரெண்டு ஹைட்ரஜன் வித்தியாசம்

உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல இந்த வீடியோ கண்டிப்பா வந்திருக்கும். ஒரு பெரிய ரூம், உள்ள அடுக்கடுக்கா பிளாஸ்டிக் கிரேட், கிரேட் நிறைய வாழைக்காய். கதவைச் சாத்துறாங்க. அடுத்த ஷாட்ல எல்லாமே மஞ்சள். கீழே சிவப்பு எழுத்துல ‘கேஸ் அடித்துப் பழுக்க வைக்கிறார்கள், உஷார்!’

எனக்கு இதை அனுப்பினது அல்லிநகரத்துல இருக்கிற எங்க சித்தி. “தம்பி, மெட்ராஸ்ல இந்த மஞ்சப் பழத்தை எல்லாம் வாங்கித் திங்காதய்யா”ன்னு கூடவே ஒரு வாய்ஸ் நோட்.

அல்லிநகரம் தெரியாதவங்களுக்கு: தேனி டவுனோட ஒரு பாதி அது. நகராட்சியோட பேரே தேனி அல்லிநகரம் நகராட்சி. சினிமா ஆட்களுக்கு பாரதிராஜா ஊர்னு சொன்னா புரியும். அங்கிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற வழியெல்லாம் வாழைத் தோட்டம். நீங்க சென்னையிலோ பெங்களூர்லயோ சூப்பர் மார்க்கெட்ல வாங்குற, ஒரே சைஸ்ல வரிசையா மஞ்சளா இருக்கிற ஜி9 வாழைப்பழம் இந்தப் பள்ளத்தாக்குல இருந்து வந்ததா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதனால சித்தியோட வாய்ஸ் நோட் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையா பட்டது. தன் ஊர்ல விளைஞ்ச காயைப் பார்த்தே ஊர்க்காரங்க பயப்படுறாங்க.

பயம் சுத்தமா தப்பும் இல்லை. நம்ம ஊர்ல பழம் பழுக்க வைக்க ரெண்டு கேஸ் இருக்கு. ஒண்ணு அசிட்டிலின், இன்னொண்ணு எத்திலின். ரெண்டுமே ஹைட்ரோகார்பன், ரெண்டுமே தீப்பிடிக்கும், ரெண்டுக்கும் நிறம் கிடையாது. ரெண்டுலயும் ரெண்டு கார்பன் அணு. அசிட்டிலின்ல ரெண்டு ஹைட்ரஜன், எத்திலின்ல நாலு. அவ்வளவுதான் வித்தியாசம். இதுல ஒண்ணு சட்டப்படி குற்றம், இன்னொண்ணு சட்டமே அனுமதிக்கிறது. வீடியோ பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே ‘கேஸ்’. இந்தக் குழப்பம் எப்படி வந்ததுன்னுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல கல்லைப் பார்ப்போம். ‘கல் வச்சுப் பழுக்க வச்சது’ன்னு மார்க்கெட்ல சொல்றோமே, அந்தக் கல். கால்சியம் கார்பைடு. சாம்பல் நிறத்துல ஜல்லி மாதிரி இருக்கும். தண்ணி பட்டா நுரைச்சுப் பொங்கி அசிட்டிலின் கேஸை விடும், மிச்சமா சுண்ணாம்பு நிற்கும்.

அசிட்டிலினை முதல்ல கண்டவர் எட்மண்ட் டேவி, 1836-ல். சுரங்க விளக்குப் புகழ் ஹம்ஃப்ரி டேவியோட உறவுக்காரர். அதுக்கு அந்தப் பேரை வச்சவர் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலோ, 1860-ல். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ஜெர்மனியில வோலர், கார்பைடுல தண்ணி ஊத்தினா இந்த கேஸ் வரும்னு காட்டிட்டார். ஆனா இதெல்லாம் லேப் அளவுல. கல் கிலோ கணக்குல கிடைக்க ஆரம்பிச்சது ஒரு விபத்தால.

1892 மே 2. அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல ஸ்ப்ரேன்னு ஒரு சின்ன ஊர். தாமஸ் வில்சன்னு ஒரு கனடாக்காரர், மோர்ஹெட்னு ஒரு பார்ட்னர். அவங்க தேடினது அலுமினியம். அந்தக் காலத்துல அலுமினியம் காசு பார்க்கிற உலோகம். சுண்ணாம்பையும் தாரையும் மின்சார உலையில போட்டுச் சுட்டா கால்சியம் உலோகம் கிடைக்கும், அதை வச்சு அலுமினியம் எடுக்கலாம்னு கணக்கு. கிடைச்சது கருப்பா ஒரு கட்டி. தண்ணியில போட்டாங்க, கேஸ் வந்தது. கால்சியம்தான் போலன்னு பத்த வச்சாங்க. கால்சியமா இருந்தா வர வேண்டியது ஹைட்ரஜன். அது புகையே இல்லாம எரியும். இது பளீர்னு எரிஞ்சு கரும்புகையைக் கக்கியது.

அந்தப் புகையிலதான் விஷயமே இருக்கு. அசிட்டிலினோட எடையில 92 சதவீதம் கார்பன். எரியும்போது கார்பன் துகள்கள் தீக்குள்ளேயே சூடேறி வெள்ளையா ஜொலிக்கும். காத்து சரியா கலந்து சின்ன துவாரம் வழியா விட்டா புகை போயிடும், வெளிச்சம் மட்டும் நிற்கும். அன்னைக்கு இருந்த எண்ணெய் விளக்குகளுக்கு இது பெரிய அடி. மேல ஒரு சின்ன தண்ணித் தொட்டி, கீழே கல். சொட்டுச் சொட்டா தண்ணி விழும், முன்னாடி தீ எரியும். சைக்கிள் விளக்கு, கார் முகப்பு விளக்கு, சுரங்கத் தொழிலாளி தலையில மாட்டுற விளக்குன்னு இருபதாம் நூற்றாண்டோட தொடக்கம் முழுக்க கார்பைடு வெளிச்சம்தான். வயரும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். பையில நாலு கல், பாட்டில்ல தண்ணி. ஒரு எரிபொருளைக் கல்லா மாத்திப் பையில போட்டுட்டுப் போறது எவ்வளவு பெரிய வசதின்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த வசதிக்கு விலை இருந்தது. அசிட்டிலின்ல ரெண்டு கார்பனும் மூணு பிணைப்பால இறுகிக் கட்டுண்டு இருக்கு. மீத்தேன் மாதிரி சமர்த்து கிடையாது. மீத்தேன் உருவாகும்போது ஆற்றல் வெளிய வரும். அசிட்டிலினை உருவாக்க ஒரு மோலுக்கு 227 கிலோஜூல் உள்ள திணிக்கணும். எத்திலினுக்கு 52 போதும். அதாவது அசிட்டிலின் பிறக்கும்போதே ஸ்பிரிங் மாதிரி அழுத்தி வச்ச சரக்கு. காத்தே இல்லாம, ஆக்சிஜனே இல்லாம, அழுத்தம் கூடினாலே கார்பனும் ஹைட்ரஜனுமா உடைஞ்சு வெடிக்கும். சமையல் கேஸை அமுக்கித் திரவமாக்கி சிலிண்டர்ல அடைக்கிறோம் இல்லையா, அதே மாதிரி இதை அடைக்கப் போனா செத்தோம்.

இதுக்கு வழி கண்டுபிடிச்ச கதையில ரெண்டு கட்டம். பிரான்ஸ்ல 1890-கள்ல அசிட்டிலின் அசிட்டோன்ல சர்க்கரை மாதிரி கரையுதுன்னு பார்த்தாங்க. சாதாரண அழுத்தத்துலயே ஒரு லிட்டர் அசிட்டோன் சுமார் 25 லிட்டர் கேஸை விழுங்கும். அடுத்தது ஸ்வீடனில் குஸ்தாஃப் தாலேன். சிலிண்டர் முழுக்க நுண்துளைகள் உள்ள ஒரு கெட்டிப் பொருளை நிரப்பி, அதுல அசிட்டோனை ஊற வச்சு, அதுக்குள்ள அசிட்டிலினைக் கரைச்சார். எங்கேயாவது ஒரு பொறி பட்டாலும் துளைக்குள்ளேயே அடங்கிடும். கலங்கரை விளக்கங்களுக்கு, சூரியன் வந்தா தானா அணைஞ்சு இருட்டினா தானா எரியுற வால்வும் அவருடையதுதான். இதற்காக 1912-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு. அதே 1912-ல் ஒரு அசிட்டிலின் சோதனையில் வெடி விபத்து. ரெண்டு கண்ணும் போச்சு. பரிசை வாங்கப் போனது கண் மருத்துவரான அவருடைய அண்ணன் தம்பிகள்ல ஒருத்தர். தாலேன் கண்ணில்லாமலேயே 1937-ல் இறக்கும் வரை கம்பெனியை நடத்தினார்.

இதைச் சொல்லிட்டு இன்னொண்ணு சொல்லாம போக முடியாது. 2025 அக்டோபர், தீபாவளி. மத்தியப் பிரதேசத்துல பிளாஸ்டிக் பைப்ல கல்லையும் தண்ணியையும் போட்டு லைட்டரால பத்த வைக்கிற ‘கார்பைடு கன்’ ரீல்ஸ் பார்த்துப் பரவிச்சு. வெடிக்காத பைப்புக்குள்ள எட்டிப் பார்த்த பிள்ளைகள் முகத்துல வெடிச்சது. நூத்துக்கும் மேல கண் காயம், பெரும்பாலும் சின்னப் பசங்க, சிலருக்குப் பார்வையே போனது. அந்தக் கேஸ் அப்பாவும் இல்லை, புதுசும் இல்லை. 113 வருஷத்துக்கு முன்னாடி நோபல் வாங்கினவரோட கண்ணை எடுத்த அதே கேஸ்.

சரி, விளக்கு மின்சாரம் வந்ததும் போச்சு. அசிட்டிலின் போகலை. ஆக்சிஜனோட சேர்ந்து எரிஞ்சா 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு உருகும். 1900-கள் தொடக்கத்துல பிரான்ஸ்ல டார்ச் வந்ததும், உலகம் முழுக்க வெல்டிங் பட்டறைகளுக்கு அசிட்டிலின் போய்ச் சேர்ந்தது. நம்ம ஊர் பட்டறை வாசல்ல கருப்பு சிலிண்டர் பக்கத்துல மெரூன் கலர்ல ஒண்ணு நிற்குமே, அது தாலேனோட வாரிசு. உள்ள ஊறிப் போன அசிட்டோன் இருக்கு, அதனாலதான் அதைப் படுக்கப் போட்டு வேலை செய்யக் கூடாது. சிலிண்டர் வாங்க வசதி இல்லாத பட்டறை ஒரு தகர டிரம்ல கல்லையும் தண்ணியையும் போட்டுத் தானே கேஸ் தயாரிச்சுக்கும். ஆக, கார்பைடு கல் ஒவ்வொரு சின்ன டவுன்லயும் கடையில கிடைக்கிற சாமான் ஆச்சு.

நடுவுல ஒரு சின்ன கிளைக்கதை. ஸ்ப்ரே ஊர் விபத்துல பிறந்த தொழில்ல இருந்து 1898-ல் ஒரு கம்பெனி வந்தது. பேரு யூனியன் கார்பைடு. ஆமா, அந்த யூனியன் கார்பைடுதான். பேர்ல இருக்கிற ‘கார்பைடு’ இந்தக் கல்தான். 1984 டிசம்பர்ல போபாலில் கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட். அதுக்கும் அசிட்டிலினுக்கும் சம்பந்தம் இல்லை, குழப்பிக்காதீங்க. ஆனா அந்தக் கம்பெனி நம்ம கதையில இன்னொரு இடத்துலயும் வருது. மின்சார உலையில கல் தயாரிக்கிறது செலவு அதிகம்னு, அசிட்டிலினை எண்ணெயில இருந்தும் இயற்கை எரிவாயுல இருந்தும் எடுக்க முடியுமான்னு ஆராய்ச்சிக்குப் பணம் போட்டாங்க. அந்த ஆராய்ச்சியில கூடவே நிறைய வந்தது எத்திலின். 1920-ல் மேற்கு வர்ஜீனியாவில் கிளெண்டெனின் என்ற இடத்தில் எத்திலின் தயாரிக்கவே ஆலை வச்சாங்க. இன்னைக்கு உலகத்துல அதிகமா தயாரிக்கப்படுற கரிம வேதிப்பொருள் எத்திலின். கம்பம் பக்கம் வாழைத்தார் மேல மாட்டுற பாலிதீன் உறை இருக்கே, அது எத்திலினைக் கோத்துக் கட்டினது. தாருக்கு வெளியே எத்திலின் சட்டை, தாருக்கு உள்ளே எத்திலின் கேஸ்.

உள்ளேயான்னு கேட்டீங்கன்னா, ஆமா. பழம் தானே எத்திலின் தயாரிக்கும். இது தெரியாமலேயே மனுஷங்க ஆயிரக்கணக்கான வருஷமா அதைப் பயன்படுத்தியிருக்காங்க. எகிப்துல அத்திக்காயைக் கீறி விடுவாங்க; காயம் பட்ட திசு எத்திலின் விடும், சீக்கிரம் பழுக்கும். நம்ம பாட்டிங்க மாங்காயை அரிசிப் பானையில புதைப்பாங்க, வைக்கோல்ல அடுக்குவாங்க. காய் விடுற கேஸ் வெளியே போகாம சுத்தி நிற்கும், அவ்வளவுதான் ரகசியம். வாழைத்தாருக்கு மூட்டம் போடுறது தெரியும் இல்லையா? குழியிலயோ அடைச்ச அறையிலயோ தாரை அடுக்கி, வாழைச் சருகை மூட்டிப் புகையை உள்ள விட்டு, வாயை மண் வச்சு மெழுகிடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா பழம். சூட்டால பழுத்ததுன்னு நினைப்போம். சூடும் உதவும். ஆனா முழுசா எரியாத புகையில எத்திலின் இருக்கு. மண்டி ரூம்ல கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சதும் இதுக்குத்தான்.

இதே சூடா புகையான்னு ஒரு பஞ்சாயத்து கலிஃபோர்னியாவிலும் நடந்தது. அங்கே எலுமிச்சை விவசாயிகள் பச்சைக் காயை ஷெட்ல அடைச்சு மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிச்சு மஞ்சளாக்குவாங்க. நாத்தம், தீ விபத்துப் பயம். நாகரிகமா இருக்கட்டுமேன்னு புகையில்லாத ஹீட்டருக்கு மாறினாங்க. ரூம் சூடாச்சு, காய் அப்படியே பச்சையா நின்னது. டெபக் பண்றவங்களுக்கு இந்த உணர்வு தெரியும்: தேவையில்லாததுன்னு நினைச்சு நீக்கின வரியிலதான் வேலையே நடந்திருக்கும். அமெரிக்க வேளாண் துறையில இருந்த டென்னி, ஸ்டவ் புகையில வேலை செஞ்சது எத்திலின்னு 1924-ல் எழுதினார்.

அதுக்கும் முன்னாடி ரஷ்யாவில் ஒருத்தர் தாவரத்துக்கும் இந்த கேஸுக்கும் உள்ள உறவைப் பிடிச்சிட்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாணவரா இருந்த நெல்யுபோவ், இருட்டில் வளர்த்த பட்டாணி நாத்து லேப்புக்குள்ள மட்டும் படுத்துக்கிட்டு வளருது, வெளிக்காத்துல நேரா நிமிருதுன்னு கவனிச்சார். காரணம் லேப்ல எரிஞ்ச கேஸ் விளக்கு. அந்த கேஸ்ல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்து 1901-ல் எத்திலினைக் கைகாட்டினார். அசிட்டிலினும் அதே வேலையைக் கொஞ்சம் பலவீனமா செய்யுதுன்னும் பார்த்தார். இந்தக் கடைசித் துண்டை ஞாபகம் வச்சுக்கங்க. 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் ஆப்பிள் விடுற கேஸைச் சேகரிச்சு, பழமே எத்திலின் தயாரிக்குதுன்னு நிரூபிச்சார். ஆக எத்திலின் வெளியில இருந்து வந்த கெமிக்கல் இல்லை. தாவரத்தோட ஹார்மோன். கேஸ் வடிவத்துல இருக்கிற ஹார்மோன்.

வேலை செய்யற விதம் ரொம்ப அழகு. பழத்தோட செல்கள்ல எத்திலினைப் பிடிக்க ஒரு ஏற்பி புரதம் இருக்கு, அதுக்குள்ள ஒரு தாமிர அயனி. எத்திலினோட இரட்டைப் பிணைப்பு அந்தத் தாமிரத்துல வந்து உட்காரும். உட்கார்ந்ததும் பழுக்காதேன்னு அதுவரை பிடிச்சு வச்சிருந்த தடை விலகும். மாவு சர்க்கரையாகும், பெக்டின் கரைஞ்சு சதை இளகும், தோலோட பச்சையம் போகும். முக்கியமானது, அந்தப் பழம் தானும் எத்திலின் விட ஆரம்பிக்கும். ஒரு பழம் மெசேஜ் வாங்கினா அது குரூப்புக்கே ஃபார்வர்ட் பண்ணும். சித்தி மாதிரி. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, தக்காளி எல்லாம் இந்த ஜாதி. கம்பம் பன்னீர் திராட்சை இந்த ஜாதி இல்லை. கொடியில பழுத்தாத்தான் உண்டு, பறிச்ச பிறகு எந்த கேஸ் விட்டும் இனிக்க வைக்க முடியாது. அதே பள்ளத்தாக்கு, அதே தண்ணி, ஆனா திராட்சைக்கு மண்டியில கல் வைக்கிற பிரச்சினையே கிடையாது.

இப்ப நெல்யுபோவ் பார்த்ததுக்கு வருவோம். அசிட்டிலினும் கார்பனும் கார்பனும் பிணைஞ்ச ஒரு சின்ன மூலக்கூறு. எத்திலின் உட்கார வேண்டிய நாற்காலியில இதுவும் கஷ்டப்பட்டு உட்கார்ந்துக்கும். டூப்ளிகேட் சாவி மாதிரி. ஆனா சரியா பொருந்தாது, அதனால வாழையில அதே வேலைக்கு எத்திலினைவிட நூறு மடங்காவது அதிகம் தேவைப்படும். இதனாலதான் வெல்டிங் பட்டறைக் கல்லு பழ மண்டிக்கு வந்தது. காகிதத்துல பொட்டலம் கட்டி கிரேட் நடுவுல சொருகினா போதும். காய் விடுற ஈரமே தண்ணி. கரண்ட் வேண்டாம், ரூம் வேண்டாம், லாரியிலயே வைக்கலாம்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ரூம்ல சுமார் 28,000 லிட்டர் காத்து. ஒரு கிலோ கல் சுமார் 300 லிட்டர் அசிட்டிலின் விடும். காத்துல 2.5 சதவீதம் அசிட்டிலின் இருந்தாலே பத்திக்கும். அந்த ரூமுக்கு அது 700 லிட்டர். அதாவது ரெண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கல். மேல் வரம்பு 80 சதவீதத்துக்கும் மேல; ‘ரொம்ப கேஸ், அதனால பத்தாது’ங்கிற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. சமையல் கேஸுக்கு இந்த வரம்பு தோராயமா 2-ல் இருந்து 10 சதவீதம்தான். அதோட சமையல் கேஸ் கனமானது, தரையோட தவழும். அசிட்டிலின் காத்தைவிடக் கொஞ்சம்தான் லேசு, நல்லா கலந்து ரூம் முழுக்க நிற்கும். அந்த ரூம்ல ஒருத்தர் லைட் சுவிட்சைத் தட்டுறார்னு நினைச்சுப் பாருங்க.

இதே ரூமுக்கு எத்திலின் எவ்வளவு? சட்டம் அனுமதிக்கிற உச்சம் 100 பிபிஎம். கணக்குப் போட்டா 2.8 லிட்டர். மூணு வாட்டர் பாட்டில்கூட நிறையாது. எத்திலின் பத்திக்க 2.7 சதவீதம் வேணும், அதாவது 27,000 பிபிஎம். அனுமதிச்ச அளவுக்கும் ஆபத்துக்கும் நடுவுல 270 மடங்கு தூரம். வீடியோவுல வந்த ‘கேஸ் அடிக்கிற’ ரூம் இதுதான்.

உடம்புக்கு என்னன்னு கேட்டா, சுத்தமான அசிட்டிலின் பெரிய விஷம் கிடையாது. பிரச்சினை கல்லுல. அது உணவுக்குன்னு செஞ்ச பொருளே இல்லை. சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரிக் கோக்கும் உலையில வெந்தது. அதுல இருக்கிற பாஸ்பரஸும் ஆர்சனிக்கும் கல்லோடயே வரும். தண்ணி பட்டதும் பாஸ்பீன், ஆர்சீன்னு ரெண்டு நச்சு கேஸா வெளிய வரும். வெல்டிங் பட்டறையில அடிக்குமே ஒரு பூண்டு நாத்தம், அது பெரும்பாலும் பாஸ்பீனோட வேலை. மண்டியில பொட்டலம் கட்டுறவர், கிரேட் இறக்குறவர்தான் இதை முதல்ல சுவாசிக்கிறவங்க. பழம் வாங்கற நம்மளைப் பத்திதான் எல்லா வீடியோவும் பேசுது, அவங்களைப் பத்தி ஒண்ணும் பார்க்கலை.

பழைய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள்லயே கார்பைடு கேஸால பழுக்க வைக்கத் தடை இருந்தது. 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே சொல்லுது. சட்டம் கல்லை எடுன்னு சொல்லிச்சு. வேற எதை வைக்கிறதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ தெளிவா எழுதினது 2016-ல், எத்திலின் 100 பிபிஎம் வரை அனுமதின்னு. எத்தனையோ வருஷமா வியாபாரிக்கு ‘இது கூடாது’ மட்டும் தெரியும், ‘இது கூடும்’ தெரியாது. என்னைக் கேட்டா குழப்பத்துல பாதி அங்க பிறந்தது.

மீதி பாதியோட காரணம், ஜி9. இது கேவண்டிஷ் வகை. நம்ம ஊர்ல பச்சைப்பழம், மோரிஸ்னு சாப்பிட்டதும் இதே குடும்பம்தான். அது ஏன் பச்சைப்பழம்? பழுத்த பிறகும் தோல் பச்சையாவே இருக்கும், உள்ள இனிப்பா குழைஞ்சிருக்கும். ரகத்தோட குணம்னு நினைச்சுட்டு இருந்தேன். அதுல நம்ம வெயிலோட பங்கும் இருக்கு. கேவண்டிஷ் 24 டிகிரிக்கு மேல பழுத்தா சதை பழுத்துடும், தோல்ல பச்சையம் முழுசா உடையாது. 16-லிருந்து 18 டிகிரியில பழுத்தாத்தான் அந்த விளம்பர மஞ்சள் வரும். பூவன், ரஸ்தாளி, நாட்டு ரகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மூட்டத்துலயே மஞ்சளாயிடும்.

அதனால ஜி9-ஐ மஞ்சளா விக்கணும்னா குளிர் அறை கட்டாயம். கதவு இறுக்கமா மூடுற ரூம், 90 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம், ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் எத்திலின். பழம் மூச்சு விட்டுக் கார்பன் டை ஆக்சைடு சேரும், அதை அப்பப்போ திறந்து விடணும், இல்லைன்னா பழுக்கிறதே தடைபடும். நாலஞ்சு நாள்ல ரெடி. எத்திலினுக்குப் பெரும்பாலும் சிலிண்டர்கூட வேண்டாம். ஆல்கஹாலை ஒரு சூடான வினையூக்கி மேல விட்டா தண்ணி பிரிஞ்சு எத்திலின் வரும், மிக்சி சைஸ்ல மிஷின் இருக்கு.

ஆனா இன்சுலேஷன் பேனல், கம்ப்ரஸர், த்ரீ ஃபேஸ் கரண்ட், கரண்ட் போனா ஜெனரேட்டர் எல்லாம் யார் செலவு? நாளைக்கு இருபது தார் விக்கிற சின்ன வியாபாரிக்கு ஒரு கிலோ கல்லும் பழைய பேப்பரும் போதும். ரெய்டு வந்தா பழத்தைக் குழி தோண்டிப் புதைக்கிறாங்க, போட்டோ வருது, கல்லை வித்தவர் போட்டோவுல இருக்கறதில்லை. தடை சரிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா சின்ன மண்டிக்கும் உழவர் சந்தைக்கும் வாடகைக்குப் பொதுவான பழுக்க வைக்கும் அறை இல்லாத வரைக்கும் கல்லு ஏதாவது ஒரு பொட்டலத்துல வந்துக்கிட்டேதான் இருக்கும்.

நடுவுல இன்னொரு குறுக்கு வழியும் ஓடுது. எத்திஃபான். தண்ணியில கலக்கிற மருந்து, மெல்ல உடைஞ்சு எத்திலின் விடும். கேஸ் வர்ற மூலமா, பழத்து மேல படாம பாக்கெட்டுல வச்சா அது ஒரு கதை. பக்கெட்ல கரைச்சு சீப்பை முக்கி எடுக்கறாங்க பாருங்க, அது கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ திரும்பத் திரும்பச் சொல்லுது. முக்குற வீடியோ வந்தா அதை மட்டும் தாராளமா ஃபார்வர்ட் பண்ணுங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நிறைய பேர் கேட்கறீங்க. ‘தோல் மஞ்சள், காம்பு பச்சைன்னா கல்லு’ங்கிறது நம்பக்கூடிய டெஸ்ட் இல்லை, அறையில பழுத்த பழமும் கடைக்கு வரும்போது காம்பு லேசா பச்சையாத்தான் இருக்கும், அப்படித்தான் அனுப்புவாங்க. தோல் மேல சாம்பல் மாதிரி வெள்ளைப் பொடி, பூண்டு வாசனை, மஞ்சளா இருந்தும் உள்ள கட்டியா மாவு ருசி, இதெல்லாம் சேர்ந்து வந்தா சந்தேகப்படுங்க. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தகதகன்னு வர்ற மாம்பழத்தையும். பெரியகுளம் பக்கம் மரத்துல காய் முத்தாதப்போ மெட்ராஸ்ல பழம் எப்படி வந்ததுன்னு கேட்டாலே போதும். முத்தாத காயை எந்த கேஸாலும் இனிக்க வைக்க முடியாது, நிறம் மட்டும்தான் மாறும்.

சித்திக்கு இதையெல்லாம் பதினோரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். முழுசா கேட்டாங்க. “அப்ப அந்த ரூம் பழம் நல்லதா?” கெடுதல் இல்லை சித்தின்னேன். “ருசி?”

ருசியில எனக்கும் அவங்களுக்கும் சண்டை இல்லை மக்களே. மூட்டத்துல பழுத்த நாட்டுப்பழத்துக்குப் பக்கத்துல ஜி9 நிற்க முடியாது. அது கேஸோட குத்தம் இல்லை, ரகம் அப்படி. ரகங்களைப் பத்தி, மலைவாழை எப்படிக் காணாமப் போய் திரும்பி வந்ததுங்கிறதைப் பத்தி அடுத்த எபிசோட்ல பேசுவோம்.